புகைக்குள் இருபது மீட்டர்

வணக்கம். நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. எந்தக் கதவு வழியாக வந்தேன் என்று தெரியும். வேறு கதவு உண்டா? நான் பார்க்கவில்லை. இதைப் பற்றிப் பேச வந்தவனே இந்த லட்சணம்!

தீப்பிடித்த கட்டடத்திலிருந்து கூட்டம் எப்படி வெளியேறும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பது எங்கள் வேலை. திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. அதற்கு ஒரு வேகம், போகவேண்டிய ஒரு வாசல். வெளிச்சம் இருந்தால் சுலபம். வினாடிக்கு ஒன்றேகால் மீட்டர் என்று வைத்தால், 20 மீட்டர் தாழ்வாரத்தைக் கடக்க 16 வினாடி.

புகை வந்தால்? 1970களில் ஜப்பானிய ஆய்வாளர் தடாஹிசா ஜின் புகை நிரப்பிய தாழ்வாரத்தில் ஆட்களை நடக்கவிட்டு அளந்தார். கண் எரியாத புகையில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. விறகுப் புகையில் அப்படியில்லை. ஓர் அடர்த்தியைத் தாண்டியதும் வினாடிக்கு 0.3 மீட்டருக்குச் சரிந்தது. கண்ணைக் கட்டிவிட்டால் நடக்கிற வேகம் அது. ஈர விறகு அடுப்பை ஊதியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே 20 மீட்டருக்கு இப்போது ஒரு நிமிடத்துக்கு மேல்.

வாசல் விஷயம் இன்னும் சிக்கல். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரிலிருந்த ஃபோமில் பற்றியது. பக்கவாட்டில் வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் வந்த முன்வாசலுக்கே திரும்பினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் அங்கே ஆள்மேல் ஆள் விழுந்து வழி அடைத்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள்.

2000-இல் ஹெல்பிங், ஃபார்காஷ், விச்செக் என்ற மூன்று ஆய்வாளர்கள் புகை சூழ்ந்த அறை ஒன்றைக் கணினியில் அமைத்தார்கள். அவரவர் தன்பாட்டுக்குத் தேடினால் வாசல் தற்செயலாகத்தான் அகப்படுகிறது. எல்லோரும் பிறரைப் பின்தொடர்ந்தால் ஒரு வாசல் திணறுகிறது, இன்னொன்று சும்மா கிடக்கிறது. இரண்டும் கலந்தபோதுதான் அதிகம் பேர் தப்பினார்கள். நல்ல கணக்கு. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குக் கைப்பிள்ளை கிடையாது, தேடித் திரும்ப ஓர் அம்மா கிடையாது. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

ஒருமுறை மாணவர்களின் கண்ணைக் கட்டித் தாழ்வாரத்தில் நடக்கவிட்டோம். ஒரு மாணவி இடக்கையைச் சுவரில் பதித்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். வாசல் வலப்பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரம். தாண்டிப் போய்விட்டாள். கட்டை அவிழ்த்ததும், “இங்க கதவு இருந்துச்சா சார்?” என்றாள்.

மறுநாள் எங்கள் புள்ளிகளுக்கும் சுவரைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தோம். வெளியேறும் நேரம் கூடிவிட்டது.

நன்றி, வணக்கம்.