ஆய்வுக்கு நடுவே கதை எழுத முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முன்பெல்லாம் தொடர்ந்து கதை எழுதுவேன். இப்போது நேரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கதை கட்டுரையைப் போலவே வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுசெல்ல வழி உண்டா?"

உண்டு. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மு. வரதராசன் நாவல்களும் எழுதினார், ஆய்வு நூல்களும் எழுதினார். ஆய்வேடு எழுதும் முறை பற்றி 1977இல் மாணவர்களுக்குக் கையேடு எழுதிய உம்பர்த்தோ எக்கோ, 1980இல், தமது 48ஆம் வயதில், முதல் நாவலை வெளியிட்டார். ஆனால் பெரியவர்களின் பெயர்களை அடுக்கிவிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், விடுமுறை வரட்டும் என்று காத்திருந்து மூச்சுமுட்ட எழுதுபவர்களைவிட, நாள்தோறும் சிறிது நேரம் எழுதுபவர்களே கூடுதலாக எழுதி முடிப்பதைக் கண்டார். அரை மணி நேரம் போதும். ஆனால் அது ஆய்வுக் கோப்புகளைத் திறப்பதற்கு முந்தைய அரை மணியாக இருக்கட்டும்.

உண்மையான சிக்கல் நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான். ஆய்வு, எதைச் சொன்னாலும் உடனே காரணம் காட்டும்படி நம்மைப் பழக்கிவிடுகிறது. "வந்த கடிதத்தை அவள் பிரிக்காமலேயே அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்" என்று எழுதியவுடன், "கணவனின் கண்ணில் படக்கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம்" என்று கை தானாகவே அடுத்த வரியை எழுதிவிடும். ஆய்வேட்டில் அந்த இரண்டாம் வரி இல்லாவிட்டால் நெறியாளர் சிவப்பு மையால் வட்டமிடுவார். கதையிலோ அந்த வரிதான் வாசகரின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுதும்போது அதைத் தடுக்க முயலாதீர்கள், எழுத்தே நின்றுபோகும். மறுநாள் படிக்கும்போது காரணம் சொல்லும் வரிகளை மட்டும் தேடி அடித்துவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் நிற்கும்.

ஆய்வில் கிடைத்து, அடிக்குறிப்பில்கூட இடம்பெறாமல் போகும் செய்திகளுக்கென்று தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. பழைய கணக்கேட்டின் ஓரத்தில் யாரோ கிறுக்கிய ஒரு வரி ஆய்வாளருக்குப் பயன்படாது, கதைக்காரருக்குப் புதையல். ஆனால் கள ஆய்வில் ஒருவர் உங்களை நம்பிச் சொன்ன சொந்த வாழ்க்கையை அப்படி எடுத்தாளக் கூடாது. அவர் ஒப்புதல் அளித்தது ஆய்வுக்கு மட்டுமே. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி மாதங்களில் மட்டும் புதிய கதை எதையும் தொடங்காமல், அந்த அரை மணியில் பழைய வரைவுகளைத் திருத்திக்கொண்டிருங்கள். களைத்த மனத்தோடும் செய்யக்கூடிய வேலை அது.