ஹல்லாசானில் பனிக்காலம்

வணக்கம் நேயர்களே. கொரியாவில் படிக்கிற, வேலை பார்க்கிற பல நாட்டு நண்பர்கள் சேர்ந்து குளிர்காலத்தில் ஏறும் மலைகளில் ஒன்று, ஜேஜு தீவின் ஹல்லாசான். உயரம் 1,947 மீட்டர். தென் கொரியாவில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது. உச்சிக்குப் போக ஆளுக்கு ஆள் முன்பதிவு செய்ய வேண்டும். நுழைவாயிலில் அடையாளச் சீட்டும் கேட்பார்கள். குழுவில் ஒருவர் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வந்தால் அத்தனை பேரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

உச்சிக்குப் போகும் சொங்பனாக் பாதை ஒரு வழிக்கு 9.6 கிலோமீட்டர். செங்குத்து அதிகமில்லை, நீளம்தான் ஆளைச் சோதிக்கும். 7.3 கிலோமீட்டரில் ஜிந்தல்லேபாத் தங்குமிடம். குளிர்காலத்தில் நண்பகல் வாக்கில் அங்கே கதவடைப்பு. அதற்குப் பிந்தி வருபவரை மேலே விடமாட்டார்கள். சரியான நேரம் வாசல் பலகையில் இருக்கும். என்னைக் கேட்டால், இந்தக் கெடுபிடி குழுவுக்குப் பெரிய உபகாரம். 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை. ஜனவரியில் சூரியன் எழவே ஏழரை மணி தாண்டிவிடும். ஆறு, ஆறரைக்கே கிளம்பினால்தான் நிதானமாகப் போகலாம்; ஆகவே ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் அவருக்காக நின்று நின்று விறைத்துப்போவார்கள்.

குளிரைவிட வியர்வைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். மரங்கள் முடிந்து காற்று அடிக்கும் இடத்தில், நனைந்த உள்சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி பனியன் ஆகவே ஆகாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளே, கம்பளிபோன்ற ஃப்ளீஸ் நடுவில், காற்றுத் தடுப்பு வெளியே. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஓர் உடை அதிகம் என்று அர்த்தம். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு, முதல் கிலோமீட்டரிலேயே நனைந்துவிடுவார்கள். கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் அவர்களை நிறுத்தி ஓர் உடையைக் கழற்றச் சொல்லுங்கள்.

பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் பல்சங்கிலியைக் கொரியர்கள் 'அய்ஜென்' என்பார்கள். ஜெர்மன் சொல் ஒன்றின் வால் அது. இரும்பு என்று பொருள். ஆங்கிலம் பேசும் நண்பர் 'ஸ்பைக்ஸ்' என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாங்கும்போது நீங்கள் போடப்போகும் காலணியிலேயே மாட்டிப் பாருங்கள். ரப்பர் தொளதொளவென்றிருந்தால் பாதி வழியில் சங்கிலி பக்கவாட்டில் புரண்டு, பல் மேலே வந்துவிடும். வழுக்கும் இடத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள். பனிக்கட்டியின் மேல் ஒற்றைக்காலில் நின்று மாட்டப் பார்த்துத்தான் பலர் விழுகிறார்கள். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டினால் பல் தரையைத் தொடாது. கோலால் காலணி ஓரத்தில் தட்டினால் உதிர்ந்துவிடும்.

தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறையும் என்பதால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். உறிஞ்சுகுழாய்ப் பைகள் வேண்டாம், குழாய்தான் முதலில் அடைபடும். போனைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். தங்குமிடத்தில் கடை கிடையாது. ஃப்ளாஸ்கில் வெந்நீரும், அதை ஊற்றிச் சாப்பிடும் கொரிய நூடுல்ஸான கப் ராம்யனும் கொண்டுபோகலாம். மிச்சக் குழம்பைப் பனியில் கொட்டக் கூடாது, குடித்துவிடவோ கீழே கொண்டுவரவோ வேண்டும்.

வழியில் எண் எழுதிய இருப்பிடப் பலகைகள் வரும். ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொண்டே போங்கள். கொரிய மொழி தெரியாதவர் அவசர உதவி எண்ணான 119-ஐ அழைத்தால், பலகையில் உள்ள எண்ணைச் சொன்னாலே மீட்புக் குழுவுக்கு இடம் புரிந்துவிடும்.

இறங்கும்போது கடைசிப் பகுதியில் பனி கரைந்து வெறும் எரிமலைக் கல் தெரியும். சோம்பல்பட்டுச் சங்கிலியோடே நடந்தால் பல் கல்லில் சறுக்கிக் கணுக்கால் பிசகும். அங்கே உட்கார்ந்து கழற்றிவிட்டு, நிழலில் பனி மிச்சமிருந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.