டீசல் செடான் வாங்கும்போது கம்பெனி பேரை எவ்வளவு நம்பலாம்?

வணக்கம் மக்களே. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ், ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ராபிட் என்று டீசல் செடான்கள் (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்கள்) பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவில் புது டீசல் செடான் இப்போது எந்த ஷோரூமிலும் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மூன்று பேரும் டீசலை விட்டுவிட்டார்கள். 2023-இல் விதி இன்னும் இறுகியபோது வெர்னா டீசலும் சிட்டி டீசலும் நின்றுபோயின. ஆகவே நாம் பேசுவது எல்லாமே செகண்ட் ஹேண்ட் கார்கள்.

செகண்ட் ஹேண்டில் விலையை முடிவு செய்வதில் கம்பெனியின் பேருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாருதி என்றால் தலைவலி இல்லை, ஹோண்டா என்றால் இன்ஜின் சாகாது, ஃபோக்ஸ்வேகன் என்றால் செலவு இழுக்கும், ஃபியட் பக்கமே போகாதே. சென்னையில் எந்த புரோக்கரிடம் கேட்டாலும் இதைத்தான் ஒப்பிப்பார். இதில் பாதி உண்மை. ஆனால் எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் காசைக் கொடுக்கக் கூடாது.

சியாஸை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த சியாஸ் டீசலில் இருந்தது 1.3 லிட்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). மாருதியின் டீசல், நம்பி வாங்கலாம் என்று எல்லோரும் வாங்கினார்கள். அந்த இன்ஜின் ஃபியட்டின் மல்டிஜெட். ஃபியட்டிடம் லைசென்ஸ் வாங்கி மானேசரில் செய்தார்கள். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா என்று ஊரில் பாதி டீசல் கார்களில் இதே இன்ஜின்தான் ஓடியது. பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே பேர் வைத்தார்கள்.

அதே இன்ஜின் 2009-இல் வந்த ஃபியட் லினியாவிலும் இருந்தது. லினியாவின் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் அந்த விலையில் வேறு யாரும் தராதவை. கதவைச் சாத்தும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் லினியாவை யாரும் சீண்டவில்லை. இன்ஜின் ஒன்று, மதிப்பு இரண்டு. ஏன்?

சர்வீஸ் சென்டர்தான் காரணம். மாருதிக்கு உளுந்தூர்பேட்டையிலும் ஆள் இருக்கும், தென்காசியிலும் ஆள் இருக்கும். ஃபியட்டுக்கு அது இல்லை. ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த லினியா ஓனர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்றைக்கும் அந்தக் காரைக் குறை சொல்லமாட்டார்கள், காத்திருந்ததைத்தான் சொல்வார்கள். மாருதியின் பேர் பாகம் கிடைக்கும் என்பதற்கான பேர். அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரை வைத்து இன்ஜினைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

சியாஸ் ஓட்ட எப்படி இருக்கும்? இன்ஜின் சுழற்சி 2000 ஆர்.பி.எம்-க்குக் கீழே இருந்தால் தூங்கும். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலைக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்துவிட்டு, இடைவெளி கிடைத்ததும் மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பின் சீட்டில் கால் வைக்க இடம் தாராளம். 2015-இல் ஹைபிரிட் உதவியோடு வந்த மாடலுக்குச் சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 28.09 கிலோமீட்டர். சாலையில் அது வராது, ஆனால் இந்தக் கூட்டத்தில் டீசலை மிச்சம் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. 2019-இல் மாருதியே சொந்தமாகச் செய்த 1.5 டீசல் சியாஸில் வந்தது. ஒரு வருடம்தான் விற்றது. இன்னும் நன்றாக இழுக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து சிட்டி. ஹோண்டாவின் பேர் இந்தியாவில் எதில் வந்தது? 1998-இலிருந்து விற்ற பெட்ரோல் சிட்டியில் வந்தது. ஹோண்டா இங்கே முதல் டீசலைப் போட்டதே 2013-இல், அமேஸில். சிட்டிக்கு டீசல் வந்தது 2014 ஜனவரியில். 100 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். அலுமினிய இன்ஜின், எடை குறைவு, மைலேஜ் பிரமாதம். சத்தம் மட்டும் தாங்காது. பெட்ரோல் சிட்டியில் உட்கார்ந்து பழகியவர் அந்த 2014 டீசலை ஸ்டார்ட் செய்தால் போனட்டைத் திறந்து பார்ப்பார். மோசமான கார் என்று சொல்லவரவில்லை. பெட்ரோல் இன்ஜின் சம்பாதித்த நல்ல பேருக்கு டீசல் வாங்கும் நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தக் காசைப் பேரத்தில் குறைக்கப் பாருங்கள்.

வெர்னா நம்ம ஊர் கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலிருந்து ஹூண்டாய் ஆலை ஓடுகிறது. 1.6 டீசல், 128 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர். இன்று நாம் பேசும் கார்களில் நேர்க்கோட்டில் இதைப் பிடிக்க முடியாது. 2011-இல் வந்த மாடலில் பின் சஸ்பென்ஷன் ரொம்ப மென்மை. திண்டிவனம் தாண்டி வேகம் எடுத்துப் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால் பின்பக்கம் மிதக்கும், வயிற்றைப் பிசையும். 2017-இல் வந்த புது வெர்னாவில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் 'ஹூண்டாய் என்றால் ஹைவேயில் மிதக்கும்' என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பேர் எப்போதும் காருக்குப் பின்னால்தான் வந்து சேரும், நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும்.

இப்போது வென்டோவும் ராபிட்டும். இரண்டும் புனே சாகனில் ஒரே ஆலையில் வந்தவை. அடியில் இருப்பது ஒரே கார், முகம்தான் வேறு. 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், பிறகு வந்தவற்றில் 110. ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டியதும் இந்தக் காரின் அருமை தெரியும். லாரி பக்கத்தில் கடந்தாலும் அசையாது. இந்தக் கூட்டத்தில் நான் மனதாரக் காதலிக்கும் கார் இதுதான்.

பிறகு ஏன் பயம்? இரண்டு காரணம். ஒன்று, 2015 செப்டம்பரில் வெடித்த ஃபோக்ஸ்வேகன் புகை மோசடி. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள். இந்தியாவிலும் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி செய்தது தப்பு, அதில் மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனால் அதற்கும் இன்ஜின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது காரணம் நியாயமானது, பராமரிப்புச் செலவு. இந்த டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது, அதாவது வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒத்து ஓட வைக்கும் பட்டை. சியாஸ், சிட்டி, வெர்னாவில் அதற்குப் பதில் செயின். பெல்ட்டை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்லது. மாற்றாமல் ஓடி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் காலி. வென்டோ, ராபிட் பார்க்கப் போனால் முதலில் அந்த பில்லைக் கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை போதாது. பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. உலர் கிளட்ச் வகை அது. தினமும் கிண்டி, கத்திப்பாரா நெரிசலில் ஊர்பவர்களுக்குச் சரிப்படாது. மேனுவல் வாங்குங்கள்.

ஃபோர்டு ஃபியஸ்டா பற்றிச் சுருக்கமாக. மறைமலை நகரில் இனி கார் தயாரிக்க மாட்டோம் என்று ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்ததும் விலை சரிந்தது. ஓட்ட அருமையான கார், ஆனால் ஃபியஸ்டா விற்றதே குறைவு. மெக்கானிக் நண்பர் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

எந்தக் கம்பெனியானாலும் சென்னையில் ஒரு சோதனையை விடவே கூடாது, வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் எத்தனை கார் மூழ்கியது என்று நமக்குத் தெரியும். மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாக நிறுத்துவது சும்மா இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் கோடு தெரிந்தால் அப்படியே கிளம்பிவிடுங்கள். ஸ்டெப்னி குழியில் துரு, முன் சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் பூஞ்சை வாடை, எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முகப்பேரில் ஒரு கார் பார்க்கப் போனபோது போனட் மீது கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். காலை ஆறரைக்கு வருகிறேன், தொடாமல் வையுங்கள் என்றேன். மறுநாள் முதல் ஸ்டார்ட்டிலேயே வெள்ளைப் புகையும் நடுக்கமும். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வேலை காத்திருந்தது.

டெல்லி கார் மலிவு என்று சிலர் கேட்கிறீர்கள். அங்கே பத்து வருடத்துக்கு மேல் டீசல் ஓட்டத் தடை என்று வந்த உத்தரவுகளால்தான் அவை தெற்கே வருகின்றன. இங்கே மறுபதிவு, ஆயுள் வரி, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அலைச்சல் எல்லாம் சேர்த்தபிறகு மலிவா என்று கணக்குப் போடுங்கள்.

கணக்கு என்றதும், டீசல் உங்களுக்குத் தேவையா? 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. இப்போது பெட்ரோல் 101, டீசல் 92.50 என்று வையுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர், பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 19 கொடுக்கிறது என்றால் மாதம் மிச்சம் 2,350 ரூபாய் அளவில் வரும். ஒரு கிளட்ச் மாற்றினால் பல மாத மிச்சம் போய்விடும். அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் போய்வர மட்டும் என்றால் டீசல் வேண்டவே வேண்டாம், பி.எஸ்.6 டீசல் அறவே வேண்டாம். அதில் உள்ள, புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நீளமான, வேகமான ஓட்டம் வேண்டும். மாதம் இரண்டு முறை மதுரையோ திருநெல்வேலியோ போகிறவர்களுக்குத்தான் டீசலின் சுகம்.

அப்படிப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இது. தானே ஓட்டுகிறவர், நல்ல தனி மெக்கானிக் இருக்கிறார் என்றால் பெல்ட் பில்லோடு ராபிட் மேனுவல். வீட்டில் எல்லோரும் ஓட்ட வேண்டும், வழியில் நின்றால் யாராவது வர வேண்டும் என்றால் சியாஸ். இரண்டுக்கும் நடுவே என்றால் 2017-க்குப் பிறகான வெர்னா. சிட்டி டீசலா, விலை சரியாக இறங்கி வந்தால் மட்டும். டைமிங் பெல்ட் விலையை ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்து அடுத்த வீடியோவில் போடுகிறேன்.