மறைந்த தாத்தாவின் பெயர் பேரனுக்கு: ஸ்காட்லாந்து நடுப்பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வணக்கம். 1850 ஜூலை 12ஆம் நாள் எடின்பரோ நகரில் ஒரு முதியவர் காலமானார். நான்கு மாதங்கள் கழித்து, நவம்பர் 13ஆம் நாள், அதே நகரில் அவருடைய மகனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ராபர்ட் லூயிஸ் பால்ஃபர் ஸ்டீவன்சன் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான அந்தக் குழந்தையின் பெயருக்குள் இரண்டு தாத்தாக்கள் இருக்கிறார்கள். மறைந்த ஸ்காட்லாந்துத் தாத்தாவையோ பாட்டியையோ போற்றும் விதமாகக் குழந்தைக்கு நடுப்பெயர் தேடும் பெற்றோர், முதலில் இந்தப் பெயரைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய வழக்கப்படி முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர். முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வீடுகளிலும் உள்ளதுதான் என்பதால் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். காலமான முதியவர் ராபர்ட் ஸ்டீவன்சன். கடல் பெருகும்போது நீரில் மூழ்கிவிடும் பாறையின் மீது நின்று, 1811 முதல் ஒளிவீசிவரும் பெல் ராக் கலங்கரை விளக்கத்தின் கட்டுமானத்தை முன்னின்று நடத்திய பொறியாளர் அவர். வழக்கம் சொன்னபடியே அவருடைய பெயர் முதற்பெயராயிற்று. அடுத்து வருவது லூயிஸ் பால்ஃபர். இவர் காலிண்டன் என்ற ஊரில் போதகராக இருந்த தாய்வழித் தாத்தா. இரண்டாவது மகன் பிறக்கட்டும், அப்போது இவர் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் காத்திருந்தால், அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் வைக்கப்படாமலே போயிருக்கும். ஏனெனில் அவர்களுக்கு அதன்பின் வேறு குழந்தையே பிறக்கவில்லை. நடுப்பெயரின் பயன் எனக்கு முழுமையாக விளங்கியது இந்த இடத்தில்தான். எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்று தெரியாத நிலையிலும், ஒரே குழந்தைக்குள் இரண்டு குடும்பங்களுக்கும் இடம் தந்துவிட முடிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறத்தாழ பதினெட்டு வயதில் அந்தப் பேரன் லூயிஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார், உச்சரிப்பு மாறவில்லை. பின்னர் 1873இல் பால்ஃபரைக் கைவிட்டார். வளர்ந்த பிறகு பிள்ளை தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் நடுப்பெயர் இடம் தருகிறது என்பதை நான் அதன் சிறப்பாகவே கருதுகிறேன்.

பாட்டியைப் போற்ற விரும்புவோருக்கு என் பரிந்துரை, அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். மார்கரெட்டும் மேரியும் ஸ்காட்லாந்தில் எண்ணற்ற வீடுகளில் இருந்த பெயர்கள். குடும்பப்பெயரோ அவரைத் தனித்துக் காட்டும். அங்கே குடும்பப்பெயரை நடுப்பெயராக வைப்பது நெடுநாளைய வழக்கம். 1855இல் அரசுப் பதிவு தொடங்கியது முதல், இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயர்களோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் கேட்டு எழுதப்படுகிறது. எனவே ஒரு பாட்டியின் சான்றிதழைக் கையில் எடுத்தால், அவருடைய தாயின் குடும்பப்பெயரும் கிடைக்க வாய்ப்புண்டு.

பெண் குழந்தைக்குத் தாத்தாவின் பெயர் வேண்டுமென்றால்? வில்லியமினா, ஜேம்சினா, ஹியூகினா, டொனால்டினா என்று ஆண் பெயர்களின் இறுதியை மாற்றிப் பெண்களுக்கு வைத்தார்கள். டண்டீயில் 1857இல் பிறந்து, ஹார்வர்டு வானாய்வகத்தின் ஒளிப்படத் தகட்டில் 1888இல் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டறிந்த வில்லியமினா ஃபிளெமிங்கின் பெயரும் அந்த வகையைச் சேர்ந்ததே. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் இன்றைய குழந்தைக்குத் தாத்தாவின் பெயரை எவ்வித மாற்றமும் இன்றி நடுவில் வைப்பதே நல்லது. ஆண் பெயர் நடுவில் இருப்பதால் ஒரு பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை.

முடிவெடுக்கும் முன், அவரை வீட்டில் எப்படி அழைத்தார்கள் என்று உயிரோடிருக்கும் உறவினரிடம் கேளுங்கள். சான்றிதழில் ஜேனட் என்றிருப்பவர் வாழ்நாள் முழுதும் ஜெஸ்ஸியாகவே அறியப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஜெஸ்ஸியே சரியான பெயர். உங்கள் வீட்டில் இப்படி இரண்டு பெயர்களோடு வாழ்ந்த பாட்டி இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். ஸ்காட்லாந்தில் குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே சான்றிதழைத் தேடுவதையும் உறவினரிடம் கேட்பதையும் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.