சிரிப்பு எங்கே விழுந்தது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கோயில் திருவிழா, பாடசாலைக் கலைவிழா, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு நிறைவு என்று நமது மட்டக்களப்பில் எங்கே மேடை போட்டாலும், அதில் பத்து நிமிடப் பகிடி நாடகம் ஒன்று இல்லாமற் போவது அரிது. அவற்றை எழுதுகிறவர்களிற் பெரும்பாலானோர் நாடகம் படித்தவர்கள் அல்லர். முறையாகப் பயில விரும்புவோருக்குக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நான் இன்று பேச வந்தது, வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் இடையில் அப்பியாசக் கொப்பியில் எழுதி, "ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க சேர்" என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்களைப் பற்றியும், அந்தக் கொப்பியைக் கையில் வாங்குகிற நம்மைப் பற்றியும்தான்.

நம்மில் அநேகர் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று, "நல்லா இருக்கு." மற்றது, "இன்னும் கொஞ்சம் பகிடி வேணும்." முதலாவதை வைத்து எழுதியவர் எதையும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்துக்கொண்டு அவர் செய்வது பெரும்பாலும் தீங்காகவே முடிகிறது; கதைக்குச் சேராத ஐந்தாறு பகிடிகளை எங்கிருந்தாவது கொண்டுவந்து செருகுவார், நாடகம் நீளும், முன்பு சிரிப்பு வந்த இடத்திலும் பிறகு வராது. சிரிப்பு என்பது விவாதித்து வரவழைக்கக்கூடிய ஒன்றன்று. அது வரும், அல்லது வராது. ஆகையால் நாம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி, எந்த வரியில் நமக்குச் சிரிப்பு வந்தது, எந்த வரியில் அது நின்றது, எந்த இடத்தில் கதை விளங்காமற் போனது என்பதைப் பென்சிலால் குறித்து, உள்ளது உள்ளபடி அவருக்குச் சொல்வதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இளைஞர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த நாடகம் நமது வாவியின் பாடும் மீன்களைப் பற்றியது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவீர்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவ்வாறு தோணியில் போகிறது. தந்தையாருக்கு ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கேட்டது என்கிறார். மனைவியும் பிள்ளைகளும் அவருக்குக் குறையாமல் தமக்கும் கேட்டது என்கிறார்கள். எவ்வளவு நல்ல வித்து! ஆனால் அந்த வித்து மூன்றாம் பக்கத்திலேதான் இருந்தது. முதல் இரண்டு பக்கங்களும் வணக்கம் சொல்வதிலும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிப்பதிலும், தோணிக் கூலி பேசுவதிலும் போயிருந்தன. சிரிப்பு வந்த வரிக்கு நேரே நான் போடும் பென்சில் வட்டங்களில் ஒன்றுகூட அந்த இரண்டு பக்கங்களிலும் விழவில்லை. அவரிடம் நான் வேறெதுவும் சொல்லாமல் கொப்பியைத் திறந்து காட்டினேன். வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கங்களைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "துடுப்பு காதில வைக்கிறதில இருந்தே தொடங்கலாம் போல" என்று அவரே சொன்னார்.

வரிக்குள்ளும் அப்படியே பார்க்க வேண்டும். தந்தையாரின் வாயில் அவர் வைத்திருந்த வரி இது: "சுருதி கொஞ்சம் குறைவாக இருந்த மாதிரித்தான் எனக்குக் கேட்டது." நான் வாசித்தபோது சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்க வேண்டிய இடம் இது என்பது விளங்கியது. நம் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும். எதிர்பாராத சொல் முன்னே போய்விட்டால், பின்னால் வரும் "கேட்டது" சிரிப்பை மூடிவிடும். சிரிப்புக்குரிய சொல் எங்கே நிற்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். அடுத்த முறை அவர் கொண்டுவந்த வரி: "கேட்டது, கேட்டது. சுருதிதான் கொஞ்சம் குறைவு." கருத்து ஒன்றும் மாறவில்லை. இப்போது சிரிப்பு தடையின்றி வந்தது.

சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டிய நேரம் உண்டு. "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப்பட்ட நகைநான்கு என்ப" என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. மடன் என்பதற்குப் பழைய உரைகாரர் தரும் விளக்கம் கொளுத்தக்கொண்டு கொண்டது விடாமை. அதாவது, பிறர் சொல்லிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, பிறகு விடாமற் பிடித்துக்கொள்வது. தோணிக்காரர் கேட்கும் என்று சொன்னதற்காகக் கேட்டது என்று சாதிக்கும் அந்தக் குடும்பம் முழுவதும் மடனிலேதான் நிற்கிறது. அதே நாடகத்தில் திக்கிப் பேசும் ஒருவரும், பக்கத்து ஊர்க்காரரின் பேச்சைப் போலிசெய்யும் இரண்டு வரிகளும் இருந்தன. அவை எள்ளல். கூத்து மேடையில் அரசனையே கேலி செய்த கட்டியகாரனைக் கண்ட மண் இது என்பதால், எள்ளல் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திக்குவாயை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. கதையிலிருந்து வராத சிரிப்பு அது. அந்தக் குறை உள்ள ஒரு பிள்ளை சபையில் இருந்தால், எல்லோரும் சிரிக்கும்போது அது தலையைக் குனிந்துகொண்டு இருக்க வேண்டியிருக்கும். இத்தகைய குறையைப் பலர் முன்னிலையில் சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாமலும் விடக் கூடாது.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தன் நாடகத்தை என்னிடம் தந்தாள். அவளுடைய பகிடிகள் மங்கலாக இருந்ததாக எண்ணி, சிவப்புப் பேனாவால் அவற்றை வெட்டிவிட்டு என்னுடைய பகிடிகளை எழுதிக் கொடுத்தேன். மேடையில் நன்றாகவே சிரித்தார்கள். அவள் திரையின் ஓரத்தில் நின்று, சபை சிரித்த ஒவ்வொரு முறையும் அது தன்னுடைய வரி அல்ல என்பதை அறிந்துகொண்டிருந்தாள். அதன் பின் அவள் எதையும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. அன்று முதல் பிறர் கொப்பியில் என் வரி ஒன்றைக்கூட நான் எழுதுவதில்லை. வட்டம் போடுவேன், கேள்வி கேட்பேன். பாடும் மீன் நாடகத்தில் நால்வரும் ஒரே மாதிரி "கேட்டது" என்று சொன்ன இடத்திலும், இரண்டாமவர் கேட்டது முதலாமவர் கேட்டதைவிட எப்படிப் பெரியது என்று மட்டுமே கேட்டேன். மனைவிக்குத் தாளம் கேட்பதும், மகளுக்கு மோகன ராகம் என்று தெரிவதும், சின்ன மகனுக்கு மீன் அவனுடைய பெயரையே சொல்லிப் பாடுவதும் அந்த இளைஞரே கண்டவை.

கொப்பியில் வாசித்தால் மட்டும் போதாது. நமது கூத்து மரபில் சதங்கை அணிந்த பின்னர், அரங்கேற்றத்துக்கு முன்பு, அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று உண்டு. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து கூத்தை முழுமையாகப் பார்த்துத் திருத்தங்கள் சொல்வார்கள். பத்து நிமிட நாடகத்துக்கும் அது வேண்டும். ஐந்தாறு பேரை விறாந்தையில் இருத்தி, எழுதியவர் வாசிக்காமல் மற்றவர்கள் வாசிக்க, எழுதியவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவரை விடக் கூடாது, ஏனென்றால் மேடையில் அவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லப் போவதில்லை.

அந்த இளைஞரின் நாடகத்தையும் அவ்வாறு வாசித்தோம். வட்டங்கள் பக்கத்துக்குப் பக்கம் விழுந்தன. கடைசிக் காட்சியில் குடும்பம் இறங்கிப் போன பிறகு, தோணிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துடுப்பைத் தன் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. வாசிப்பு முடிந்ததும் இளைஞர் முகம் வாடி என்னிடம் வந்து, "அந்த இடத்தில ஒருத்தரும் சிரிக்கல்லயே சேர், வெட்டிருவமா?" என்று கேட்டார். என் பிரதியில் அந்த வரிக்கு நேரே வட்டம் இல்லை. "எல்லாரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்" என்று எழுதியிருந்தேன். அதைக் காட்டினேன்.

"எவ்வளவு நேரம் சேர்?"

"நாலு செக்கன் இருக்கும், தம்பி."

அவர் கொப்பியை வாங்கி, அந்தக் காட்சியின் கீழே, நாலு செக்கன் ஒருவரும் பேசக் கூடாது என்று எழுதிக்கொண்டார்.

வணக்கம்.