மூன்றாம் தலைமுறையின் பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே மனிதர் 63 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்று சொன்னால், அத்தனை காலம் அந்த நாற்காலியை அவர் எப்படிப் பிடித்து வைத்திருந்தார் என்றுதான் நம்மில் பலருக்கும் கேட்கத் தோன்றும். ஜப்பானின் ஒசாகி யுகியோவைப் பொறுத்தவரை, அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்க முயன்றவர்களால் ஏன் முடியவில்லை என்று கேட்பதே பொருத்தமாக இருக்கும். ஒசாகி என்பது குடும்பப் பெயர். ஜப்பானியர் அதையே முன்னால் சொல்வர், நானும் அப்படியே சொல்கிறேன். 1890 ஜூலையில் அந்நாடு கண்ட முதல் பொதுத்தேர்தலில் 31 வயதில் வென்ற அவரை, மியே மாகாணத்து வாக்காளர்கள் தொடர்ந்து 25 முறை கீழவைக்கு அனுப்பினார்கள்.

அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பலர் வாஷிங்டன் நகரத்துச் செர்ரி மரங்களின் வழியாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரங்களைக் கடைசியில் சொல்கிறேன். நாடாளுமன்ற வரலாறுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, பூவைவிட அவருடைய பேச்சின் மீதே ஈடுபாடு.

அந்தப் பேச்சு அவரை முதலிலிருந்தே வம்பில் மாட்டியது. 1887இல், அமைதி காக்கும் சட்டம் என்ற பெயரில், அரசுக்குப் பிடிக்காதவர்களைத் தலைநகரிலிருந்து வெளியேற்றியபோது, இளம் பத்திரிகையாளரான அவருக்கு மூன்று ஆண்டுகள் தோக்கியோவில் கால் வைக்கத் தடை விதித்தார்கள். அதுவரை கல்விக்கூடம் என்று பொருள்படும் ‘காகுதோ’ என்ற புனைபெயரில் எழுதிவந்தவர், அதே ஒலியுடைய, ஆனால் திடுக்கிடுதல் என்று பொருள் தரும் வேறோர் எழுத்தை முதலில் வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அந்த எழுத்திலிருந்து இதயத்தைக் குறிக்கும் பகுதியையும் நீக்கிவிட்டார். எழுத்தை வரைந்து காட்ட வானொலியில் வழியில்லை. இதயம் போனாலும் ஒலி மாறவில்லை என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

1898இல் கல்வி அமைச்சரானார். பணத்தைத் தொழும் போக்கைக் கண்டித்த ஓர் உரையில், ஒரு பேச்சுக்கு ஜப்பான் குடியரசாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், பெரும் வணிகக் குழுமங்களான மிட்சுயியும் மிட்சுபிஷியும்தாம் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் என்று சொன்னார். பணத்தைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். குடியரசு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பேரரசருடைய நாட்டில் குடியரசு என்று கற்பனைக்குக்கூடச் சொல்வதா என்று எழுந்த கூச்சலில், சில மாதங்களிலேயே பதவி போயிற்று.

1913 பிப்ரவரி 5ஆம் நாள் ஆற்றிய உரைதான் அவருக்கு அழியாத பெயரைத் தந்தது. பிரதமர் கட்சுரா தாரோ அரண்மனைப் பொறுப்பிலிருந்து நேராக ஆட்சிக்கு வந்தவர். தடை வரும்போதெல்லாம் பேரரசரின் ஆணையை வாங்கிவந்து எதிர்ப்பவர்களின் வாயை அடைப்பது அவர் வழக்கமாகியிருந்தது. அவருக்கு நேராக விரல் நீட்டி, இவர்கள் வாயைத் திறந்தால் அரச பக்தி பேசுகிறார்கள், ஆனால் சிம்மாசனத்தை மதிற்சுவராகவும் அரசாணையைத் தோட்டாவாகவும் வைத்துக்கொண்டு மறைவிலிருந்து எதிரிகளைச் சுடுகிறார்கள் என்ற கருத்தில் ஒசாகி பேசினார். சில நாட்களில் மக்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். அந்த மாதமே கட்சுராவின் அமைச்சரவை விலகியது.

1921இல் படைக்குறைப்புத் தீர்மானம் கொண்டுவந்து, 38க்கு 285 என்ற கணக்கில் தோற்றார். தோற்ற கையோடு ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டு, வந்தவர்களிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்து, உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவர் பக்கம் நின்றார்கள்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். நேரம் சற்றுக் கூடுதலாகப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘செந்ரியூ’ என்று ஜப்பானில் ஒரு குறுங்கவிதை வகை உண்டு. பதினேழு அசைகளுக்குள் உலக நடப்பை எள்ளுவது. அதில் பழைய பாட்டு ஒன்று: ‘வீடு விற்பனைக்கு என்று சீனப் பாணியில் எழுதுகிறான் மூன்றாம் தலைமுறையான்.’ தாத்தா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டினார். அப்பா அதை அழியாமல் காத்தார். பேரன் அழகெழுத்தும் கலைகளும் பயின்று எல்லாவற்றையும் தொலைத்தான். கடைசியில் வாசலில் தொங்குகிற விற்பனைப் பலகையின் எழுத்து மட்டும் கண்ணைப் பறிக்கிறது. இந்தப் பாட்டை நான் யாரிடம் சொன்னாலும், அவரவர் தெருவில் ஏதோ ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

1942 ஏப்ரலில், போரின் நடுவே, பொதுத்தேர்தல் வந்தது. கட்சிகள் கலைக்கப்பட்டிருந்தன. 466 இடங்களுக்கும் அரசின் ஆதரவுடன் 466 பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். பரிந்துரை பெறாதவர்கள் போட்டியிடலாம், ஆனால் காவல்துறையின் கண் அவர்கள் மேல் இருக்கும். இந்தப் பரிந்துரை முறையே கூடாது என்று பிரதமர் டோஜோவுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதிய ஒசாகி, பரிந்துரை பெறாத தம் நண்பர் தகாவா தைகிச்சிரோவுக்காகத் தோக்கியோவில் பேசும்போது இந்தப் பழம்பாட்டை எடுத்துச் சொன்னார். அரசியலமைப்புக்காகப் பாடுபட்ட தலைமுறை மறைந்து, அந்தப் பாடு என்னவென்று அறியாத தலைமுறை வந்திருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. அதிகாரிகளோ விரல்விட்டு எண்ணினார்கள்: தாத்தா பேரரசர் மெய்ஜி, தந்தை பேரரசர் தைஷோ, பேரன் அப்போது அரியணையில் இருந்த பேரரசர். கணக்கு மூன்று வந்தது. பேரரசரை அவமதித்த குற்றம் என்று வழக்கும் வந்தது.

83 வயது முதியவரைச் சுகாமோ சிறையில் ஓரிரவு வைத்தார்கள். அந்த வழக்கு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் வாக்குப்பதிவு நடந்தது. பரிந்துரை பெற்றவர்களில் 381 பேர் வென்றார்கள். பெறாதவர்களில் வென்ற 85 பேரில் ஒசாகியும் ஒருவர். மியே வாக்காளர்களை நினைத்துப் பாருங்கள். அரசு இவர் வேண்டாம் என்கிறது, இவருக்கு வாக்களித்து எந்தச் சலுகையும் கிடைக்கப்போவதில்லை, இவர் சிறைக்கே போகக்கூடும். அப்படியும் அவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஒசாகியின் துணிவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர்; அந்த வாக்காளர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

முதல் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. அவர் அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தார். 1944 ஜூனில், போர் இன்னும் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எஞ்சியதைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் முதன்முறை வென்றபோது, ஆண்டுக்கு 15 யென் நேரடி வரி கட்டிய, 25 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். 1946இல் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த தேர்தலிலும் அவர் வென்றார். 1953இல்தான், 94ஆவது வயதில், தோற்றார். மறு ஆண்டு அக்டோபரில் மறைந்தார். அவருடைய இரண்டாம் மனைவி தியோடோராவின் பெயரும் பிறப்பிலேயே ஒசாகிதான். உறவு ஏதுமில்லை, இருவருடைய கடிதங்களும் வீடு மாறிப் போய்க்கொண்டிருந்ததில் அறிமுகமாகி, 1905இல் மணந்துகொண்டார்கள். அதை விரித்துச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

மரங்கள். தோக்கியோ மேயராக இருந்தபோது அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய முதல் 2,000 கன்றுகளிலும் பூச்சி கண்டிருந்ததால், 1910 ஜனவரியில் அமெரிக்கர்கள் அவற்றை எரித்துவிட்டார்கள். அரகாவா ஆற்றங்கரை மரங்களிலிருந்து கிளை எடுத்து ஒட்டுக்கட்டிய 3,020 கன்றுகளை 1912இல் மறுபடி அனுப்பினார்கள். போர்க்காலத்தில் அந்த ஆற்றங்கரைத் தோப்பு நலிந்துபோக, 1952இல் வாஷிங்டன் மரங்களின் ஒட்டுத்துண்டுகள் தோக்கியோவுக்குத் திரும்பி வந்தன. அப்போதும் ஒசாகி மியேயின் உறுப்பினராகவே இருந்தார்.

வணக்கம்.