பெடல் சுற்றிக் கேட்ட பாட்டு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மீள்குடியேறி வந்த பிறகு பரந்தன் பக்கத்தில் ஒரு சிறிய சவுண்ட் சேர்விஸ் நடத்தி வருகிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று ஒலிபெருக்கிப் பொக்ஸ் கட்டிக் கொடுப்பது என் தொழில். இளம் வயதில் கிற்றார் வாசித்தவன். "நாலு சிநேகிதர் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு தொடங்கி எப்படிப் பெயர் எடுக்கிறார்கள் என்று உங்கள் அனுபவத்தை வைத்துப் பேசுங்கள்" என்று நிலையத்தார் கேட்டார்கள். கேட்ட உடனே சரி என்றேன். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறேன். போர்க்காலம், வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவில் கொழுவி, ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். என் வயதுக்காரர் எல்லோரும் இதைச் செய்திருப்பார்கள். கசற் போட்டுக் கேட்பது இன்னும் கஷ்டம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும். அவசரப்பட்டுச் சுற்றினால் கீச்சிடும். ஒரே சீராகச் சுற்றினால்தான் பாட்டு பாட்டாக வரும். நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பாட்டு என்று முறை வைத்துச் சுற்றினோம். ஒருவன் சுற்றும்போது மற்ற நால்வரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்போம். தாளம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் தெரிந்தது அந்தப் பெடலில்தான். பிறகு நாங்கள் ஐவரும் ஒரு குழுவாக மேடை ஏறினோம். ஆனால் அந்தக் குழு உண்மையில் தொடங்கியது அந்தக் கவிழ்த்த சைக்கிளைச் சுற்றி என்றே நினைக்கிறேன்.

லண்டனில் இருந்த உறவினர் ஒருவர் அனுப்பி, பல கை மாறி எங்களிடம் வந்த கசற்றில் பீற்றில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டுகள் இருந்தன. சொல் ஒன்றும் விளங்காது. ஆனால் இரண்டு குரல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகிற விதம் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிற்காலத்தில் அவர்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவையானது நிறைய இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் வூல்ட்டன் என்ற பகுதி. அங்கே ஒரு தேவாலயத்தில் ஊர்த் திருவிழா. லொறி ஒன்றின் பின்தட்டில் ஏறி நின்று சில பள்ளிக்கூடப் பெடியள் வாசித்துக்கொண்டு ஊர்வலத்தில் வருகிறார்கள். எங்கள் ஊரில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவோமே, அதே மாதிரித்தான். அவர்களின் பேஸ் வாத்தியம் எது தெரியுமா? வெறும் தேயிலைப் பெட்டி. பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு தடியை நிறுத்தி, தடியின் நுனியிலிருந்து பெட்டிக்கு ஒரு கயிறு கட்டி இழுத்துத் தட்டினால் பேஸ் சத்தம் வரும். உடுப்புத் தோய்க்கிற தகரப் பலகை ஒன்றை விரலால் சுரண்டித் தாளம் போட்டார்கள். காசில்லாத பிள்ளைகள் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த இசை அது.

பிறகு பீற்றில்ஸாக மாறியது அந்தக் குழுதான். அதன் தலைவன் 16 வயது ஜோன் லெனன். அன்று இருவருக்கும் பொதுவான ஒரு சிநேகிதன் 15 வயது போல் மக்கார்ட்னியைக் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகம் செய்தான். போலுக்குக் கிற்றாருக்குச் சுருதி சேர்க்கத் தெரியும். ஜோனுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தாய் பஞ்சோவில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கிற்றாரில் வாசித்துக்கொண்டிருந்தான். தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனைக் குழுவில் சேர்த்தால் தலைமை போய்விடுமோ என்று அவன் யோசித்திருக்கலாம். ஆனாலும் சேர்த்துக்கொண்டான். பிறகு போலோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்த ஜோர்ஜ் ஹரிசன் வந்தான். எல்லாரிலும் சின்னவன்.

இன்னொன்றும் இருக்கிறது. போலின் தாய் 1956இல் நோயால் இறந்துபோனார். ஜோனின் தாய் 1958இல் வீதியில் கார் மோதி இறந்தார். தாயை இழந்த இரண்டு பெடியள் ஒரு அறையில் எதிரெதிராக உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, புகழ் எப்படி வந்தது? 1960 ஓகஸ்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய குடிக்கிற இடங்களில் ஓரிரவில் நாலு, ஐந்து, ஆறு மணித்தியாலம் வாசிக்க வேண்டும். படுக்கை ஒரு சினிமாக் கொட்டகையின் பின்னால், கழிவறைக்குப் பக்கத்தில். கேட்கிறவர்கள் இவர்களுக்காக வந்தவர்கள் இல்லை, குடிக்க வந்தவர்கள். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் முடிந்துவிடும், இரவு முடியாது. அப்போது புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஜோர்ஜுக்கு 18 வயது ஆகவில்லை என்று கண்டுபிடித்து அந்த வருடக் கடைசியில் நாட்டைவிட்டு அனுப்பியும் விட்டார்கள். ஆனால் லிவர்பூலுக்குத் திரும்பி டிசம்பர் 27இல் மேடை ஏறியபோது கூட்டம் மேடையை நோக்கி ஓடி வந்தது. ஊரை விட்டுப் போய் நாலு மாதம். போன பெடியளும் வந்த பெடியளும் ஒருவரல்ல என்று ஊர் கண்டுகொண்டது.

எங்களுக்கும் ஹம்பேர்க் இருக்கிறது. கோயில் திருவிழா இரவுதான் அது. வற்றாப்பளை அம்மன் பொங்கல், புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் என்று பெரிய கோயில்களையும் விடுங்கள், ஒரு சின்ன வைரவர் கோயிலின் வேள்வி இரவு போதும். சனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஆனால் பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் ஒருவரும் கூச்சல் போட மாட்டார்கள், மெதுவாக எழும்பிக் கச்சான் கடைப் பக்கம் போய்விடுவார்கள். மேடையிலிருந்து பார்த்தால் கச்சான் கடையின் லைற்றடியில் கூட்டம் கூடுவது தெரியும். வாசிக்கிறவனுக்கு அதைவிடக் கடுமையான தீர்ப்பு இல்லை. கையில் கச்சான் சுருளோடு நிற்கிற அவர்களைத் திரும்பக் கூட்டிவருகிறவன்தான் பாட்டுக்காரன். இரவிரவாகக் காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் ஆடிய எங்கள் அண்ணாவிமார் இதைத்தான் செய்தார்கள். விடிகாலை மூன்று மணிக்குத் தூங்கப் போகிற சனத்தை ஒரு உடுக்குச் சத்தத்தால் நிமிர்த்தி உட்கார வைக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போதைய பிள்ளைகள் இந்த இரவுகளைத் தாண்டிப் போய்விடப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் மனவருத்தம். இரண்டு கிழமை பழகுகிறார்கள், பின்னணி இசையை இணையத்தில் எடுத்துப் போட்டு அதன் மேல் பாடுகிறார்கள், அன்று இரவே யூரியூப்பில் ஏற்றிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறார்கள். பார்த்தவர்களின் எண்ணிக்கை குறைந்தால் குழு உடைகிறது. யூரியூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பாட்டு கனடாவுக்கும் சுவிசுக்கும் போக அதுதான் வழி. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கப் பழகாமல் அங்கே போவதால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது சொந்தப் பாட்டு. 1962 ஜனவரி 1ஆம் திகதி லண்டனில் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனம் பீற்றில்ஸைப் பரீட்சித்துப் பார்த்தது. 15 பாட்டு வாசித்தார்கள். அதில் மூன்றே மூன்றுதான் அவர்களுடையது. நிறுவனம் வேண்டாம் என்றது. அதே வருடம் வேறொரு நிறுவனத்தில் ஜோர்ஜ் மார்ட்டின் என்ற தயாரிப்பாளர் அவர்களை எடுத்தார். அவர் இன்னொருவர் எழுதிய பாட்டைக் கொடுத்து, இதைப் பாடினால் நிச்சயம் ஓடும் என்றார். பெடியள் அதைப் பதிவு செய்தும் கொடுத்தார்கள், ஆனால் எங்கள் பாட்டுத்தான் வர வேண்டும் என்று நின்றார்கள். ஒக்டோபர் 5ஆம் திகதி வந்த முதல் இசைத்தட்டின் இரண்டு பக்கமும் ஜோனும் போலும் கட்டியவை. பிரிட்டனின் வரிசையில் அது 17ஆம் இடம் வரைதான் போனது. ஆனால் 16 மாதம் கழித்து, 1964 பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடிக்கு மேல்.

எங்கள் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அப்படியே கிற்றாரில் ஏற்றிப் பொப் பாடல் ஆக்கினவர் நித்தி கனகரத்தினம். ஏ. ஈ. மனோகரன் பைலா என்ற எங்கள் நாட்டு ஆட்டப் பாட்டைக் கொண்டுபோய்த் தமிழ்நாட்டையே ஆட வைத்தார். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இந்தப் பாட்டுகள் பிடித்துப்போனதற்குக் காரணம், கேட்டவுடனே இது எங்கள் வீட்டுப் பேச்சு என்று சனத்துக்குத் தெரிந்ததுதான். வன்னிப் பேச்சு அப்படி ஒரு கிற்றாரில் ஏறி நான் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை.

காசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஐவர் குழு உடைந்தது காசால். ஒரு திருவிழாவுக்கு வாசித்தோம். கிடைத்த தொகையை ஒருவர் வாங்கினார். எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பங்கு வந்தபோது ஒருவனுக்குக் குறைவாகத் தெரிந்தது. அவன் சண்டை போடவில்லை, அடுத்த பழக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவன்தான் எங்கள் எல்லாரிலும் சீராகப் பெடல் சுற்றுகிறவன். அதன் பிறகு இடம்பெயர்வுகள். என் கிற்றாரும் வழியில் போய்விட்டது. இன்று ஐவரில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் உயிரோடு இல்லை. அந்தச் சிநேகிதனிடம் அன்றே போய்க் கணக்கைக் காட்டிப் பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனதுக்குள் கிடக்கிறது. பீற்றில்ஸே கூடத் தங்கள் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த கம்பனி 1969இல் வேறு கைக்குப் போனபோது தடுக்கப் பார்த்தும் முடியாமல் போனார்கள். ஆகவே பிள்ளைகளே, ஒரு சி. ஆர். கொப்பி வாங்குங்கள். எந்தப் பாட்டு யார் கட்டியது, எந்த மேடையில் எவ்வளவு கிடைத்தது என்று எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். சிநேகிதருக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்பட வேண்டாம்.

சவுண்ட்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்று. பழகும்போது சத்தத்தைக் குறையுங்கள். 1965இல் நியூயோர்க்கில் 55,000க்கு மேற்பட்ட சனத்தின் முன் பீற்றில்ஸ் பாடியபோது, கூட்டத்தின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வைக்கிற மொனிற்றர் பொக்ஸ் அப்போது வழக்கத்தில் இல்லை. அடுத்த வருடமே மேடைக் கச்சேரியை விட்டுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்க முடியாத இடத்தில் குழு என்று ஒன்று இல்லை.

கடைசியாக, நான் இப்போது அடிக்கடி போய்ப் பார்க்கிற ஒரு குழுவைப் பற்றி. உருத்திரபுரம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். மூன்று பெடியளும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஏ. எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். ட்ரம்ஸ் வாங்கக் காசில்லை, நாலு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் மணல், ஒன்றுக்குள் பழைய சாரம் என்று அடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம் எடுத்திருக்கிறான் ஒருவன். முதலில் அவர்கள் கட்டிய பாட்டில் நிலவு, தென்றல், தேவதை எல்லாம் இருந்தது. கேட்டேன், நன்றாகத்தான் பாடினார்கள், மனதில் ஒன்றும் நிற்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, மாரி மழைக்கு இரணைமடுக் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான் கதவு திறந்த அன்று தன் அம்மம்மா குளக்கட்டில் நின்று பார்த்ததை எழுதிக்கொண்டு வந்தாள். பல்லவியில் "வான் பாயுது" என்று வருகிறது. வெளியூர்க்காரர் கேட்டால் ஆகாயம் என்று நினைப்பார்களே, சொல்லை மாற்றுவோமா என்று பெடியன் ஒருவன் கேட்டான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குளத்தை நம்பி விதைக்கிற சனத்துக்கு அந்த இரண்டு சொல்லில் சந்தோசமும் பயமும் சேர்ந்தே இருக்கிறது.

குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்குப் பெரிய இசைக்குழு முடிந்த பிறகு, இரவு ஒரு மணிக்கு மேல், இரண்டு பாட்டுப் பாட அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பொக்ஸும் ஜெனரேற்றரும் நான் கொண்டுபோகிறேன். முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு, இரண்டாவது அவர்களுடையது. அந்த நேரம் கச்சான் கடைப் பக்கம் நிற்கிறவர்கள் கொஞ்சம் மேடைப் பக்கம் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.